பிலோமிக்குப் போன முகம்

தூத்துக்குடியில் அப்போது யாரிடமும் சாவி கிடையாது. வீட்டுக் கதவு, பேருந்து, மருந்துக்கடை எல்லாவற்றையும் முகமே திறந்தது. வாசலில் பதித்திருந்த கண்ணாடி முன் நின்றால் அது முகத்தெலும்பின் அளவைப் படித்து, பெயரைச் சொல்லி வழிவிடும். முகவாசிப்பு என்று அதற்குப் பெயர். பவுடரோ ஒட்டுமீசையோ அதனிடம் பலிக்காது.

அருள்விழி புகைப்படக்காரி. தன்னை மட்டுமே படமெடுத்தாள், ஆனால் ஒரு படத்திலும் அவள் அருள்விழியாக இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள், தேர்தலில் தோற்றுத் தனியாக வீடு திரும்பும் வேட்பாளர், மகன் கல்யாணத்துக்கு அழைக்கப்படாத தாய் என்று ஆட்களைக் கற்பனை செய்து, அவர்களாகவே உடுத்தி, முக்காலியில் கேமராவை நிறுத்தி, உள்ளங்கையில் மறைத்த ரிமோட்டை அழுத்துவாள். ஒரு முகத்துக்குள் எத்தனை பேர் இருக்க முடியும் என்று பார்க்கும் ஆசை அவளுக்கு.

ஒப்பனையும் உடையும் ரெஜினாவின் பொறுப்பு. கல்லூரியிலிருந்தே தோழி. கணவனைப் பிரிந்தபோது அருள்விழி தன் மகள் ஆதிரையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றது ரெஜினா வீட்டு வாசலில்தான். அருள்விழியின் சார்பில் கண்காட்சி அனுமதிகளுக்கு ஒப்பம் வைப்பதும் அவள்தான். பார்க்க வருகிறவர்கள் அந்தப் பாத்திரங்களோடு பேசலாம். உரையாளி என்ற மென்பொருள் பதில் சொல்லும். அது என்ன பேச வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதை ரெஜினா சொல்லிக்கொடுத்தாள்.

எல்லாரையும்விட மக்களுக்குப் பிடித்துப்போனவள் பிலோமி, உப்பளத்து லாரி ஓட்டுநர். கல்யாணம், பிள்ளை எதுவும் இல்லாதவள். கண்காட்சி முடிந்த பிறகும் ஜனங்கள் வீட்டிலிருந்தே அவளை அழைத்துப் பேசினார்கள். பிலோமிக்கு மட்டும் மூக்கையும் தாடையையும் மாற்றும் மெழுகு ஒப்பனை வேண்டாம், உன் முகம் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னது ரெஜினா. அருள்விழி அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

ஒரு காலையில் அருள்விழி ஆதிரையைப் பள்ளியில் விட்டுவிட்டுப் பேருந்தில் ஏறப் போனாள். கதவுக் கண்ணாடி, "வாங்க பிலோமி," என்றது. ஏதோ கோளாறு என்று நினைத்தாள். மருந்துக்கடையிலும் பிலோமிதான். வீட்டுக்கு வந்தபோது கதவு திறக்கவே இல்லை.

பதிவகத்து அதிகாரி பொறுமையாக விளக்கினார். பலர் நெடுங்காலம் பழகிய உருவத்தை அதன் பாதுகாவலர் ஒரு நபராகப் பதியலாம், அப்படிப்பட்டவர் நிழலாள். ஒரு முகம் ஒரு பெயருக்குத்தான். இரண்டு பெயர் வந்தால், அதிகம் பேர் அறிந்தவருக்கு அது போகும். ஆட்சேபம் உண்டா என்று அருள்விழியைக் கேட்டிருந்தார்கள். இல்லை என்று அவள் சார்பில் ஒப்பம் வந்திருந்தது.

இனி இரண்டே வழி என்றார். பிலோமியாக வாழலாம். அல்லது அரசு மருத்துவமனையில் முகத்தைத் திருத்திக்கொண்டு அருள்விழியாக இருக்கலாம்.

ரெஜினா ஒப்பனை அறையில் சேலைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அருள்விழி கேட்டதும் அவள் மறுக்கவில்லை. பாதுகாவலர் தான்தான் என்றாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ விட்டிருக்க மாட்ட." ரெஜினா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "பிலோமி சிரிப்பு எங்க அம்மா சிரிப்பு, அருளு. பேச்சும் அவங்க பேச்சுதான். நீ அடுத்த வேஷத்துக்குப் போயிட்டா அவளை அழிச்சிருவ. இன்னொரு தடவை எங்க அம்மாவைப் பறிகொடுக்க என்னால முடியாது."

"அது என் முகம்டி."

"உனக்குத்தான் ஒரே முகத்தோட இருக்கப் பிடிக்காதே. வருஷம் பூரா வேற யாராவோதான இருந்த."

தன் கலையைப் பற்றி மனம்விட்டு அருள்விழி பேசியதெல்லாம் இவளிடம்தான். அதையே எடுத்துத் தன்மேல் வீசுவாள் என்று எதிர்பார்த்திருக்கவில்லை.

யோசிக்க அதிகம் இருக்கவில்லை. பிலோமிக்குப் பிள்ளை கிடையாது. அருள்விழி பிலோமியானால் ஆதிரைக்குச் சட்டப்படி தாயே இல்லாமல் போய்விடும். மருத்துவமனையில் புருவ எலும்பையும் தாடையையும் மூக்கையும் திருத்தினார்கள். கட்டுப் பிரித்தபோது கண்ணாடியில் ஒரு சுமாரான, அமைதியான பெண் இருந்தாள். வாசல் அவளை அருள்விழி என்று அழைத்து உள்ளே விட்டது.

ஆதிரை முதலில் தயங்கி, குரலைக் கேட்டதும் வந்து கட்டிக்கொண்டாள். ஆனால் சாப்பிடும்போது நிமிர்ந்தே பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே பள்ளிக்கதை சொன்னாள்.

சில வாரம் கழித்து ஒரு மாலை, மகளின் அறையில் பேச்சுக்குரல் கேட்டு அருள்விழி எட்டிப்பார்த்தாள். சுவர்த்திரையில் பிலோமி இருந்தாள். தன் புருவம், தன் தாடை, கண்ணோரத்துச் சுருக்கம்கூடத் தன்னுடையது.

ஆதிரை திரும்பிப் பார்த்துத் திகைத்தாள். "அம்மா மூஞ்சியைப் பாக்கணும் போல இருந்துச்சு," என்றாள். "பேசட்டுமாம்மா?"

அருள்விழி தலையசைத்தாள்.

பிலோமி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். "நீ பொறந்தப்ப அழவே இல்லை கண்ணு. டாக்டரே பயந்துட்டார். உன்னை நெஞ்சோட அணைச்சு, உன் காதுக்குள்ள நான் மூச்சு விட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம்தான் அழுத."

அருள்விழி கதவைப் பிடித்துக்கொண்டாள். ஆதிரை பெரியவளானதும் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று அவள் பொத்தி வைத்திருந்தது அது. உலகத்தில் ஒருத்தியிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள், கணவனைப் பிரிந்து வந்த நாட்களில், ரெஜினாவின் மடியில் அழுதபடி.

"அம்மா, இவங்களுக்கு என்னைப் பத்தி எல்லாம் தெரியுது," என்றாள் ஆதிரை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களுக்குத் தெரியுமா, நான் பொறந்தப்ப அழவே இல்லையாம்."