சிவப்புக் கச்சைக்காரன்

தண்ணீர் டம்ளரோடு அடுக்களையிலிருந்து திரும்பியவள் கட்டிலின் கால்மாட்டில் அப்படியே நின்றுவிட்டாள். கணவனின் வலது கால் இடது காலின் மேல் கிடந்தது. கணுக்காலுக்கு மேல் கணுக்கால், விடுமுறை நாளில் பேப்பர் படிக்கிற ஆள் சாவகாசமாகப் போட்டுக்கொள்வதுபோல.

ஐந்து நிமிடம் முன்புதான் இரண்டு குதிகாலையும் அவள் தன் கையால் தூக்கி, சுருட்டிய துண்டின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் செய்கிற வேலை. பதினொரு மாதமாக அந்தக் கால்கள் அவள் வைத்த இடத்தில்தான் இருந்தன.

அவனுக்கு எதுவும் தெரிந்ததாக இல்லை. டிவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"மேனேஜரம்மா, சீக்கிரம் வா. இந்தச் சிவப்புக் கச்சைக்காரன் பண்றதைப் பாரு. இவனுக்கு எலும்பே கிடையாது போல."

வீட்டில் எல்லாவற்றையும் அவளே நடத்துவதால் கல்யாணமான புதிதில் அவளுக்கு அவன் வைத்த பெயர் மேனேஜரம்மா. அவன் லிஃப்ட் மெக்கானிக். போன வருடம் ஏழாவது மாடியில் வேலை செய்தபோது கால் வழுக்கி, லிஃப்ட் இறங்கும் குழிக்குள் இரண்டு மாடி கீழே நின்ற லிஃப்டின் கூரை மேல் விழுந்தான். உயிர் பிழைத்தது. கழுத்துக்குக் கீழே எதுவும் பிழைக்கவில்லை. பல் டாக்டரிடம் சீட்டு எழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அவள் வீட்டோடு இருந்தாள். நாள் முழுக்க டிவிதான் அவனுக்குத் துணை. கேபிள் கனெக்‌ஷன் கொடுக்கும் வேலையிலிருந்த அவள் தம்பி, "மாமாவுக்கு உயரத்துல ஏறுறவங்களைப் பார்க்கப் பிடிக்கும்ல" என்று ஒரு பென்டிரைவைக் கொண்டுவந்து செருகிவிட்டுப் போயிருந்தான்.

அதில் இருந்தது ஒரே ஒரு சர்க்கஸ். எந்த ஊர், எந்தக் கம்பெனி, ஒன்றும் எழுதியில்லை. சத்தமும் இல்லை. மணல் பரப்பிய வட்டம், மேலே இருட்டுக்குள் ஏறிப்போகும் கயிறுகள், வெள்ளை உடுப்பில் ஆணும் பெண்ணுமாக ஏழு பேர். பார்வையாளர்களை ஒரு தடவைகூடக் காட்டவில்லை. ஏழு பேரில் ஒல்லியாக, இடுப்பில் சிவப்புக் கச்சை கட்டியவன் ஒருவன். அவன்தான் எல்லாம். அவள் நிமிர்ந்து பார்த்தபோது, நாற்பதடி உயரத்தில் கட்டியிருந்த ஒற்றைக் கயிற்றின் மேல் மல்லாந்து படுத்து, தூங்கப்போகிறவன்போல வலது காலைத் தூக்கி இடது காலின் மேல் போட்டுக்கொண்டிருந்தான்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். கணவனின் காலைப் பிரித்து மறுபடி துண்டின் மேல் வைத்தாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆசைப்படுவான். ஆனால் அன்று படுத்தபின் அவளுக்கு ஒரு பொட்டுத் தூக்கமில்லை. ஆசை அவளைத்தான் பிடித்திருந்தது.

மறுநாள் காலை பிசியோதெரபி செய்ய வரும் பெண்மணி அவன் உள்ளங்காலில் ஊசியால் குத்திப் பார்த்தாள்.

"தெரியுதா சார்?"

"ஆரம்பிச்சிட்டீங்களா? நான் இன்னும் காபியே குடிக்கலையே" என்றான் அவன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது, இவள் நேற்றுப் பார்த்ததைச் சொல்லக் கேட்டு, அந்தப் பெண்மணி குரலைத் தாழ்த்தினாள். "சில சமயம் தசை தானா வெட்டி இழுக்கும்மா. அதை வச்சு மனசுல கோட்டை கட்டிடாதீங்க."

வெட்டி இழுக்கிற தசை கால்மேல் கால் போடுமா? அவள் கதவைச் சாத்திய கையோடு டிவியைப் போட்டாள். இந்தத் தடவை சர்க்கஸைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் முழங்காலிட்டுப் போர்வையை விலக்கி அவன் பாதங்களைப் பார்த்தாள். மருந்து எண்ணெயின் வாடை. வெளியே மழை பிடித்துக்கொண்டு பால்கனித் தகரத்தில் தடதடத்தது. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு வலது பெருவிரல் மெல்ல நிமிர்ந்தது. அப்புறம் மற்ற விரல்கள், ஒவ்வொன்றாக, கயிற்றைத் தடவித் தேடுவதுபோல விரிந்து மடங்கின. பாதம் அம்பு மாதிரி நீண்டது.

"என்னங்க! அசையுதுங்க! உங்க கால் அசையுது!"

அவன் நம்பவில்லை. கண்ணாடியைப் பிடித்துக் காட்டினாள். அவன் முகம் முதலில் வெளுத்தது, பிறகு குழந்தைபோலக் கோணி அழுதது. அவளும் அந்தப் பாதத்தைக் கன்னத்தோடு சேர்த்துக்கொண்டு அழுதாள். பாதம் சூடாக இருந்தது.

தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தபோது சிவப்புக் கச்சைக்காரன் ஊஞ்சலைத் தவறவிட்டான். நூலிழையில் இன்னொருவன் அவனைப் பிடித்தான். நேற்று இது இருந்ததா? இருந்திருக்கும். நாம்தான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை முழங்கால் மடங்கியது. வியாழக்கிழமை இடது கை போர்வைக்கு மேலே வந்து, மணிக்கட்டைச் சுழற்றி, எதையோ பிடிக்கத் தயாராவதுபோல விரல்களை விரித்தது. அந்த நாட்களில் சிவப்புக் கச்சைக்காரன் ஒரு தடவை கயிற்றில் பாதியிலேயே நின்றான். அடுத்த நாள் கயிறே ஏறவில்லை. இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து வட்டத்தைச் சுற்றி நடத்திக்கொண்டுபோனார்கள். அவன் கால்விரல்கள் மணலில் இரண்டு கோடு இழுத்துக்கொண்டே போயின.

அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"ஒரே படம் தினமும் மாறுதுடா."

"அக்கா, ஒரே ஃபைல் எப்படிக்கா மாறும்? ராத்திரி தூங்குறியா, இல்லையா?"

"எங்கேருந்துடா எடுத்தே அதை?"

"ஒரு வீட்ல பழைய டிவியோட கிடந்துச்சு. ஆளுங்க சொல்லாமக் கொள்ளாமக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்களாம். கட்டில்கூட அப்படியே இருந்துச்சு. மாமா கால் அசையுதுல்ல? அதைப் பாரு. வேற எதையும் யோசிக்காத" என்றான்.

அன்று சாயங்காலம் அவள் ரிமோட்டை எடுத்ததுமே கணவன், "வேண்டாம்" என்றான்.

"ஏங்க?"

"அந்தப் படத்தைப் போட்டா என் கழுத்துக்குக் கீழே வேற யாரோ படுத்திருக்கிற மாதிரி இருக்கு."

"உணர்ச்சி வருதுங்க. முதல்ல அப்படித்தான் இருக்கும்."

"உணர்ச்சி ஒண்ணும் வரல." அவன் உத்தரத்தையே பார்த்தான். "நீ அசையுதுன்னு சந்தோஷப்படுற. அசைக்கிறது நான் இல்லடி."

அவள் ரிமோட்டைக் கீழே வைத்தாள். வெள்ளி, சனி இரண்டு நாளும் படம் ஓடவில்லை. கால்கள் பழையபடி அவள் வைத்த இடத்தில் கிடந்தன. கை மரக்கட்டையாய்ச் சில்லிட்டது. சனிக்கிழமை அவனைப் புரட்டித் துடைக்கும்போது அவள் இடுப்பில் சுருக்கென்று பிடித்தது. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே நின்றாள். அவளுக்கு முப்பத்தாறு வயது. இன்னும் முப்பது வருடம், இரண்டு மணிக்கொரு தரம். அவன் மேல் அவளுக்கு உயிர். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த முப்பது வருடத்தை மனசுக்குள் ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்தவளுக்கு ஒரு எண்ணம் தோன்றியது. எழுந்து நடந்துவிட்டால் போதாதா? யார் அசைத்தால் என்ன?

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு அவன் அசந்து தூங்கினான். மழை விட்டிருந்தது. தெருவில் குழந்தைகள் சைக்கிள் மணி அடிக்கும் சத்தம், எதிர்வீட்டு மிக்ஸி, மாடிப்படியில் யாரோ சிரித்துக்கொண்டே இறங்குவது, எல்லாம் நல்ல வெளிச்சத்தில் சாதாரணமாகக் கேட்டன. அவள் நாற்காலியை டிவிக்கு முன்னால் இழுத்துப்போட்டாள். ஒரே ஒரு தடவை. அவன் எழுந்திருப்பதற்குள் அணைத்துவிடலாம்.

படம் ஓடியது.

இன்று ஊஞ்சல் இல்லை. கயிறுகள் எல்லாம் சுருட்டி மேலே கட்டப்பட்டிருந்தன. வெள்ளை உடுப்பில் ஆறு பேர் வரிசையாக வந்தார்கள். சிவப்புக் கச்சைக்காரனைத் தோள்களில் சுமந்துகொண்டு வந்தார்கள். அவன் கைகள் இரண்டு பக்கமும் துவண்டு ஆடின. வட்டத்தின் நடுவே மணலில் அவனை மல்லாக்கக் கிடத்தினார்கள். கைகளை எடுத்து விலாவோடு ஒட்டிவைத்தார்கள். ஒருவன் ஒரு துணியைச் சுருட்டினான். குனிந்தான். கிடந்தவனின் குதிகால்களைத் தூக்கி அந்தத் துணியின் மேல் வைத்தான்.

அவள் ரிமோட்டை இறுகப் பிடித்தாள்.

மணலில் கிடந்தவனின் தலை மட்டும் திரும்பியது. மெதுவாக. அவளைப் பார்த்தான். பல வருடம் சுமந்த மூட்டையை இறக்கி வைத்தவன்போல அவன் முகம் தெளிந்திருந்தது. சிரித்தான்.

அவளுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. வெறும் பாதங்கள் தரையில் ஒட்டிப் பிரியும் சத்தம். ஒன்று. இரண்டு. தடுமாற்றமே இல்லாத நடை. பதினொரு மாதமாக அவள் கேட்கக் காத்திருந்த சத்தம். அது அவளைத் தாண்டிப் போனது. மருந்து எண்ணெய் வாடை அவள் கழுத்தைத் தொட்டுவிட்டுப் போனது. கூடவே கணவனின் குரல், தூக்கம் கலைந்து, நடுங்கி:

"ஏய்... நிறுத்து. நிறுத்துடி. என்னை எங்கேயோ கூட்டிட்டுப் போகுது."

பால்கனிக் கதவு திறந்தது.

ரிமோட்டின் பட்டனை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். படம் நிற்கவில்லை. திரையில் ஆறு பேரிலிருந்து ஒரு பெண் பிரிந்து முன்னால் வந்தாள். இவள் வயதுதான் இருக்கும். சிவப்புக் கச்சைக்காரனுக்குப் பக்கத்தில் மணலைக் கையால் சமன் செய்தாள். மல்லாந்து படுத்துக்கொண்டாள். கைகளை விலாவோடு சேர்த்துக்கொண்டாள். அவளும் திரும்பி இவளைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

ரிமோட் கையிலிருந்து விழுந்தது. அவள் பால்கனிக்கு ஓடினாள்.

மூன்றாவது மாடி. கம்பியின் மேல் இரண்டு முழங்கால்கள் மட்டும் மடிந்து தொங்கின. மீதி உடம்பு வெளியே. தலைகீழாக. லேசாக ஊசலாடிக்கொண்டு. கீழே சிமெண்ட் தரை.

பாய்ந்து அந்தக் கால்களைக் கட்டிப்பிடித்தாள். நெஞ்சோடு இறுக்கினாள். பதினொரு மாதமாகத் துவண்டு கிடந்த கெண்டைக்கால்கள் முறுக்கிய கயிறுபோல இறுகியிருந்தன. குனிந்து கம்பிகளுக்கு இடையே பார்த்தாள். தளத்தின் விளிம்பை ஒட்டி, தலைகீழாக, அவன் முகம். கண்ணீர் நெற்றி வழியாகத் தலைமுடிக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

"விட்டுடு" என்றான். "என் செல்லம்ல, காலை விட்டுடு. விழுந்தா நான் மட்டும்தான். உள்ள போயிடு."

"மாட்டேன். பிடிச்சிருக்கேன். நான் பிடிச்சிருக்கேங்க."

"நீ பிடிக்கணும்னுதான் இது இங்க வந்துருக்கு."

மணலில் படுத்தவள் யாருக்காகக் காத்திருந்தாள் என்று அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் கை விடவில்லை. விட்டால் அவன் செத்துப்போவான்.

கீழே தெருவில் சைக்கிள்கள் நின்றிருந்தன. யாரும் கத்தவில்லை. குழந்தைகளும், எதிர்வீட்டு அம்மாவும், படியிறங்கிப் போனவர்களும் முற்றத்தில் கூடி வட்டமாக நின்று அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு அப்பா மகளைத் தோள்மேல் ஏற்றிக்கொண்டார்.

அவள் உதவி கேட்டுக் கத்த வாயைத் திறந்தாள்.

அவனுடைய இரண்டு கைகளும் கம்பிகளுக்கு இடையே உள்ளே வந்தன. நிதானமாக. மணிக்கட்டைச் சுழற்றி விரல்களை விரித்தன. அவள் கணுக்கால்கள் இரண்டையும் பற்றின.

"மன்னிச்சிடு" என்றது தலைகீழாய் இருந்த முகம். "மன்னிச்சிடு, மன்னிச்சிடு."

கீழே முதல் ஆள் கைதட்டினார்.