கறுப்புத் துணி போட்ட நாற்காலி

பழைய சாமான்காரர் வரச்சொன்ன வீட்டுக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது பாதி வீடு ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தது. கட்டில், பீரோ, கதவு கழன்ற அலமாரி. கீழே குடித்தனமும் மேலே போட்டோ ஸ்டுடியோவுமாக ஒரு காலத்தில் இருந்த வீடு. கடைசி வாரிசும் போய்ச் சேர்ந்ததும் இடிக்கக் கொடுத்துவிட்டார்கள்.

"மேல போய்ப் பாரு. உன் ஆளுங்க எல்லாம் அங்கதான் இருக்காங்க," என்றார் சாமான்காரர்.

உன் ஆளுங்க என்று அவர் சொல்வது செத்துப்போனவர்களை. ஊர் பேர் தெரியாதவர்களின் பழைய போட்டோக்களையும் தபால் அட்டைகளையும் சேர்ப்பது அவனுக்குப் பைத்தியம். பிரபலங்கள் வேண்டாம். பல் தெரியச் சிரிக்கும் கடைக்காரர், அளவு பொருந்தாத கோட்டு போட்ட மாப்பிள்ளை, 'சுகமாய் வந்து சேர்ந்தேன்' என்பதற்கு மேல் எதுவும் எழுதாத ஓர் அட்டை. இவர்கள் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பார்சல் கிடங்கில் பார்த்த இரவு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டோடு கிடக்கிறவனுக்கு இந்த மாதிரி ஆட்கள்தான் தோது.

மாடி அறையில் எலிப் புழுக்கையும் படம் கழுவிய பழைய மருந்துத் தண்ணியும் கலந்த நாற்றம். கூரையில் வெளிச்சம் இறங்க ஒரு பெரிய கண்ணாடி. அதன்மேல் வருடக்கணக்கான அழுக்கு. பட்டப்பகலிலும் அறை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் மங்கிக் கிடந்தது. மூலையில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே முழுக்கக் குழந்தைகள்.

எல்லாம் கைக்குழந்தைகள். எல்லோரும் ஒரே மாதிரி, கறுப்புத் துணி போர்த்திய பெரிய நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து நேராகப் பார்த்தார்கள். ஒரு முகத்தில்கூடச் சிரிப்பு இல்லை.

அந்தத் துணியும் அங்கேயே கிடந்தது. பெட்டியைச் சுற்றிக் கட்ட உதவும் என்று எடுத்தான். நல்ல கனம். வெயில் எட்டாத மூலையில் கிடந்த துணி, மடிப்புக்குள் கையை விட்டபோது வெதுவெதுப்பாக இருந்தது. பேருந்தில் யாரோ இப்போதுதான் எழுந்து போன இருக்கையில் உட்காரும்போது வருமே, அந்தச் சூடு.

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெட்டியில் ஒரு படம் தனியாக நின்றது. சுருக்கு வைத்த கவுன் போட்ட பெண் குழந்தை. கண் இமைமுடி வரைக்கும் எண்ணலாம், அவ்வளவு தெளிவு. அவனோடு படங்களை மாற்றிக்கொள்ளும் ஒருவர் உண்டு; தபால் அட்டைப் பித்து தலைக்கேறியதால் எல்லோருக்கும் அவர் போஸ்ட்கார்டு அண்ணன். அவரிடம் இருந்த ஓர் அட்டைமீது இவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். ஆனால் தன் ஆல்பத்தின் பைக்குள் அடங்காத படத்தை அண்ணன் தொடக்கூட மாட்டார். இந்தப் படத்திலோ முக்கால்வாசி அந்த நாற்காலிதான்.

பழைய படத்தில் கத்தி வைக்கக் கூடாது. இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. அவனுக்கும் தெரியும். நாற்காலிதானே என்று நினைத்தான். இரும்பு ஸ்கேலை வைத்து, பிளேடால் குழந்தையை மட்டும் வெட்டி எடுத்தான். மிஞ்சிய கறுப்புத் துண்டுகள் குப்பைக்குப் போயின. குழந்தை அண்ணனின் ஆல்பத்துக்குப் போனது.

கறுப்புத் துணி வீட்டில் ஒரு முக்காலிமேல் கிடந்தது.

அவன் மனைவிக்கு ஆஸ்பத்திரி லேபில் பகல் வேலை. அவள் போனபின் குழந்தை அவன் பொறுப்பு. பூசணி என்றுதான் கூப்பிடுவார்கள். பூசணிக்கு இன்னும் உட்காரத் தெரியாது. தலையணையை முட்டுக் கொடுத்தாலும் பக்கவாட்டில் சரிந்து, மூக்கு இடிபட்டு, கட்டடமே கேட்கிற மாதிரி கத்துவாள். அவளை வைத்துக்கொண்டு ஒரு படத்தைத் துடைத்து முடிப்பதற்குள் அவனுக்குப் பிராணன் போய்விடும்.

"ஒரே ஒரு நிமிஷம் அசையாம உட்காருடி, தாயே," என்று தினமும் கெஞ்சுவான்.

ஒருநாள் அவள் உட்கார்ந்தாள்.

விரிப்பின் நடுவில் நிமிர்ந்து, கையிரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல். அவனுக்குச் சந்தோஷம். அன்றைக்கு ஒரு கட்டுப் படம் துடைத்தான். அடுத்த நாளும் உட்கார்ந்தாள். காப்பி போட்டுச் சூடாகக் குடித்தான். அந்த வீட்டில் காப்பி சூடாக அவன் வாய்க்குப் போய் மாதக்கணக்கு ஆகியிருந்தது. குழந்தை ஏன் அழவில்லை என்று அவன் யோசிக்கவே இல்லை. அழாமல் இருந்தால் போதும் என்று இருந்தான்.

பிறகு ஒரு மத்தியானம், மழைக்கு முன் வரும் இருட்டில், விளக்கைப் போடத் திரும்பியவன் அவளைப் பக்கவாட்டில் பார்த்தான்.

அவள் நிமிர்ந்து உட்காரவில்லை. பின்னால் சாய்ந்திருந்தாள். முதுகு தரையை நோக்கி நன்றாகச் சரிந்திருந்தது. ஈசிசேரில் கிடப்பதுபோலச் சுகமான சாய்வு.

பின்னால் எதுவும் இல்லை.

"பூசணி," என்றான். "எதுல சாஞ்சிருக்க நீ?"

ஓடிப்போய்த் தூக்கினான். வரவில்லை. கொக்கியில் மாட்டிய பை மாதிரி ஒரு கணம் இழுபட்டு, பிறகுதான் கைக்கு வந்தாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தான். இரண்டு அக்குளுக்குக் கீழேயும் சிவப்பாக விரல் தடம். மெல்லிய, நீளமான விரல்கள்.

அவன் விரல்கள் கட்டை.

படுக்க வைத்தான். அவள் படுக்கவில்லை. இடுப்பு மடங்கியபடியே இருந்தது. கண் கொட்டாமல் நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையை எங்கே பார்த்தோம் என்று யோசிக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இருக்கவில்லை. தகரப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது.

போஸ்ட்கார்டு அண்ணனுக்குப் போன் போட்டான்.

"அண்ணே, அந்தக் குழந்தைப் படம் ஒண்ணு குடுத்தேனே. அதுல புள்ள உட்கார்ந்திருந்தது எந்த மாதிரி நாற்காலி?"

"எது நாற்காலி? நீ குடுத்ததுல நாற்காலியே இல்லையேப்பா."

"நான்தான் வெட்டிட்டேன். கறுப்புத் துணி போட்ட நாற்காலி ஒண்ணு."



"அட முட்டாளே. இவ்வளவு நாள் சேர்க்கிறே, இதுகூடத் தெரியாதா? அந்தக் காலத்துல படம் விழ நேரம் ஆகும். புள்ள அசைஞ்சா கலங்கிடும். அதனால அம்மாக்காரியை உட்கார வெச்சு, மேல துணியைப் போட்டு மூடி, மடியில புள்ளையைக் குடுத்துப் பிடிச்சுக்கச் சொல்லுவாங்க. நீ வெட்டிப் போட்டது நாற்காலி இல்லடா. பெத்தவளை."

அவன் முக்காலியைப் பார்த்தான். துணி, தான் போட்டபோது தட்டையாகக் கிடந்ததாக ஞாபகம்.

இப்போது அதற்குத் தோள் இருந்தது.

"இன்னொண்ணு," என்றார் அண்ணன். "நானே உன்னைக் கேக்கணும்னு இருந்தேன். நீ குடுத்தப்போ முகம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. இப்பப் பார்த்தா புகை மாதிரி இருக்கு. புள்ள அசைஞ்சா கலங்குமே, அப்படி. என்னத்தைத் தடவிக் குடுத்தே?"

அவன் போனை வைத்தான். துணியைச் சுருட்டி வாசலுக்கு வெளியே எறிந்து கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அறைக்குத் திரும்பினான்.

விரிப்பில் குழந்தை இல்லை.

அவள் வாசல் கதவுக்குப் பக்கத்தில் இருந்தாள். கதவைப் பார்த்து, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தவழத் தெரியாது.

கதவின் அந்தப் பக்கம் ஏதோ உரசியது.

அவன் கதவைத் திறந்து துணியை உள்ளே எடுத்துவந்தான். வேறு என்ன செய்வது?

மனைவி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னான். அவள் குழந்தையை அள்ளிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"டாக்டர் ஒண்ணும் இல்லைங்கறாரு. அமைதியான புள்ள, குடுத்து வெச்சவங்கன்னு சிரிக்கறாரு." அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "ரத்தம் நான்தாங்க எடுத்தேன். ஊசி குத்தினேன். அவ அழலை. கண்ணுகூடச் சிமிட்டலை. எங்க லேப்ல பெரிய பெரிய ஆம்பளைங்க அழுவாங்க."

"பால்?"

"வாயில விட்டா வழியுது. முழுங்க மாட்டேங்கறா. முழுங்கினா அசையணுமே." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவன் அண்ணன் வீட்டுக்கு ஓடினான். காலில் விழாத குறையாகக் கேட்டு அந்தத் துண்டுப் படத்தை வாங்கினான். கவுன் தெளிவாக இருந்தது. அதற்கு மேலே முகம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கலங்கல். யாரும் பிடிக்காத குழந்தை தலையை அப்படியும் இப்படியும் ஆட்டி அழுதால் படம் எப்படி விழுமோ அப்படி. உற்றுப் பார்த்தால் வாய் திறந்திருப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கறுப்புத் துணியின் மடியில் அந்தப் படத்தை வைத்தான். "இந்தாங்கம்மா. உங்க புள்ள. எங்க புள்ளையை விட்டுடுங்க," என்று கும்பிட்டான்.

படம் வழுக்கித் தரையில் விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது.

காகிதம் அவளுக்கு வேண்டாம். கைக்குக் கனமாக, சூடாக ஒன்று கிடைத்துவிட்டதே.

சாயங்காலத்துக்குள் பூசணியின் உதடு வெடித்துவிட்டது. மூக்கின் கீழே விரல் வைத்தால் மூச்சு இருக்கிறதா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மூச்சு விட்டாலும் மார்பு அசையுமே. அதையும் நிறுத்தப் பழகிக்கொண்டிருந்தாள்.

அவன் குப்பைக்கூடையைக் கவிழ்த்தான். காலி. கீழே போய்த் தொட்டியைக் கிளறினான். வண்டி வந்து எடுத்துப் போய் எத்தனையோ நாள். அழுகல் கையோடு படியில் உட்கார்ந்து அழுதான். அழுதுகொண்டே யோசித்தான். அந்த அம்மாவிடம் ஸ்டுடியோக்காரர் என்ன சொல்லியிருப்பார்? படம் எடுத்து முடிக்கிறவரை பிடித்துக்கொள் என்றுதானே. முடிந்தது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? அவன் பாட்டுக்குக் கத்தியை வைத்துவிட்டான்.

மேலே ஏறி வந்தான்.

"நான் அந்தத் துணிக்குள்ள உட்காரப் போறேன்," என்றான் மனைவியிடம். "பூசணியை என் மடியில வை. போன்ல போட்டோ எடு. எடுத்ததும் சத்தமா எடுத்தாச்சுன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"உங்களுக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு."

"பிடிச்சு ரொம்ப நாள் ஆச்சு. நீ வை."

அவள் பூசணியைக் கையில் எடுத்தாள்.

முக்காலியில் உட்கார்ந்து துணியைத் தலைமேல் இழுத்துவிட்டான். வெளிச்சம் போனது. தாய்ப்பால் புளித்த வாடை, வியர்வை, அந்த மாடி அறையின் மருந்து நாற்றம். மடியில் குழந்தையின் கனம் இறங்கியது. துணியோடு சேர்த்து அவள் இடுப்பைப் பிடிக்கக் கையை நீட்டினான்.

அங்கே ஏற்கெனவே கைகள் இருந்தன.

துணிக்கு உள்ளே, அவன் பக்கத்தில். சில்லிட்ட, எலும்பான, பிடித்துப் பிடித்து மரத்துப்போன கைகள்.

அவன் கத்தவில்லை. கத்தினால் மடி ஆடும்.

"எடு," என்றான்.

போன் சொடுக்கியது. "எடுத்தாச்சு," என்றாள் மனைவி. "எடுத்தாச்சு. முடிஞ்சுது. முடிஞ்சுதும்மா."

கைகள் விடவில்லை.

ஒரு விரலை நெம்பிப் பார்த்தான். முடியவில்லை. தன் கையை அந்தக் கைகளின்மேல் வைத்து மூடினான்.

"அம்மா," என்று கிசுகிசுத்தான். "பிடிச்சது போதும். நான் அவளோட அப்பன். இத்தனை நாள் நான்தான் பிடிக்கலை. இனிமே நான் பிடிச்சுக்கறேன். நீங்க விடுங்க."

அவன் காதுக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். வெகு காலமாக அடக்கி வைத்திருந்த மூச்சு.

"அப்ப நீ அசையாத."

விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

பூசணி பக்கவாட்டில் சரிந்தாள். மூக்கு அவன் முட்டியில் இடித்தது. பிறகு கட்டடமே கேட்கிற மாதிரி ஒரு கத்தல்.

"அழறா," என்றாள் மனைவி. சிரித்தாள், அழுதாள், குழந்தையை வாரி எடுத்தாள். "ஏங்க, அழறா. ஐயோ, கையைக் காலை உதைக்கறா. என் தங்கம், குடிக்கறியா, குடிடா, குடி. ஏங்க, முழுங்கறா பாருங்க. வெளிய வாங்களேன்."

வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான்.

வாய் திறக்கவில்லை.

எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தான். நினைப்பு இடுப்பு வரைக்கும் போய் நின்றுவிட்டது. அவனுடைய இரண்டு அக்குளுக்குக் கீழேயும் அந்தக் கைகள் வந்து, இடம் பார்த்து, இறுக்கிக்கொண்டன.

"ஏங்க?"

குழந்தை சப்புக்கொட்டிக் குடிக்கும் சத்தம் துணிக்குள் நன்றாகக் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். கண்ணில் நீர் முட்டியது. இமைக்க முடியாததால் அது தானாக வழிந்தது.

காலடிச் சத்தம் கிட்டே வந்தது. மனைவி ஒரு கையால் துணியை உருவினாள். அந்தி வெளிச்சம் முகத்தில் அடித்தது. இடுப்பில் குழந்தையோடு அவள் நின்றாள். முதலில் சிரித்தாள். பிறகு அவன் கண்ணைப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டில் நகர்ந்து அவன் முதுகைப் பார்த்தாள். முதுகு இல்லாத அந்த முக்காலியைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றாள் மெதுவாக. "எதுல சாஞ்சிருக்கீங்க?"