முன்விளக்கின் ஒயர்

முந்தின நாள் சாயங்காலம்வரை இன்ஜினை ஓடவிட்டு நிரப்பிய பேட்டரி, காலையில் காலியாகக் கிடந்தது. அது புதிதல்ல, மூன்று மாதமாகவே அப்படித்தான். ஆனால் அன்று ஹிலேனி பேட்டரியின் மேல் கை வைத்தபோது அது வெதுவெதுப்பாக இருந்தது. எல்லா சுவிட்சும் அணைந்திருந்த படகில், மூடுபனியில் தலையணைகூடச் சில்லிட்டுப்போன காலையில், ஆள் இப்போதுதான் எழுந்துபோன படுக்கையின் சூடு.

வால்விஸ் பே என்ற துறைமுகத்தில் அந்தப் பாய்மரப் படகை மூன்று பேராக ஓட்டினார்கள். அவள், கணவன் மத்தேயுஸ், தம்பி வில்பார்ட். பயணிகளை ஏற்றிப்போய்க் கடல்நாய்களைக் காட்டி, சிப்பி தின்னக் கொடுத்துத் திரும்புவார்கள். ஒயர் வேலையெல்லாம் வில்பார்ட்தான். அம்மா போன பிறகு அவள் இடுப்பில் வளர்ந்தவன். ஏதோ வெள்ளைக்காரத் தம்பதியின் படகில் ஏறி கேப் டவுன் போய்விட்டான் என்று மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் மத்தேயுஸ் வந்து சொன்னான். அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டானே என்று அவள் அழுதாள். பிறகு, அவன் பேரை இனி யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

புது பேட்டரி வாங்கிப் போட்டால் தீர்ந்தது, எதையும் நோண்டாதே என்று மத்தேயுஸ் பலமுறை சொல்லியிருந்தான். அன்று காலை அவளைப் படகைக் கழுவ விட்டுவிட்டு, சின்னப் படகில் கரைக்கு டீசல் வாங்கப் போனான். அவன் தலை மறைந்ததும் அவள் கரெண்ட் அளக்கும் தம்பியின் பழைய முள் மீட்டரை எடுத்தாள். பேட்டரியின் ஒரு ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரைப் பொருத்தித் தரையில் வைத்தாள்.

முள் எழுந்தது. எங்கோ கரெண்ட் போய்க்கொண்டிருந்தது.

ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். தண்ணீர் மோட்டார், அறை விளக்கு, ரேடியோ. முள் அடங்கவில்லை. கசிவு என்றால் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். இது எழுந்தது, விழுந்தது, கொஞ்சம் பொறுத்து மறுபடி எழுந்தது. கடைசியாக முன்விளக்கின் ஃப்யூஸைப் பிடுங்கியதும் முள் படுத்துவிட்டது. அந்த விளக்கு போன குளிர்காலத்திலேயே உடைந்து கழன்றுவிட்டது. அந்த ஒயரின் முனையில் எதுவுமே இல்லை.

ஃப்யூஸைத் திரும்பச் செருகினாள். முள் எழுந்தது.

முன் படுக்கையைத் தூக்கி, மண்டியிட்டு, விரலால் ஒயரைத் தடவிக்கொண்டே போனாள். நங்கூரச் சங்கிலி குவிந்து கிடக்கும் முனை அறையின் சுவருக்குள் அது நுழைந்தது. முன்பு அங்கே ஒரு கதவு இருந்தது. தண்ணீர் கசிகிறது என்று மத்தேயுஸ் அதன்மேல் ஃபைபர் பசை பூசி அடைத்துவிட்டான். வில்பார்ட் போன அதே வாரம். அவன் பூசிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் நின்று டீ கொடுத்தாள். வழவழவென்று நன்றாக வந்திருக்கிறது என்றும் சொன்னாள். பசை நாற்றம் இன்னும் போகவில்லை. அதற்கு அடியில் வேறொரு நாற்றமும் இருந்தது. துறைமுகத்து மீன் ஆலை நாற்றம் என்றே அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

சுவரில் இரண்டு முறை தட்டினாள். மீட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

முள் இரண்டு முறை எழுந்தது.

இடுப்பிலிருந்த கைரேடியோ கரகரத்தது. என்ன செய்கிறாய் என்று மத்தேயுஸ் கேட்டான்.

"முன்விளக்கு ஒயர்ல கரெண்ட் போகுது."

"அத விடு. முன்னாடி போகாத. நான் வர்றேன்."

"முன்னாடி என்ன இருக்கு, மத்தேயுஸ்?"

ஹிலேனி சுவரில் கன்னத்தை வைத்தாள். அதுவும் வெதுவெதுப்பாக இருந்தது.

"வில்பார்ட்?"

முள் எழுந்து, விழாமல் அப்படியே நின்றது.

மூன்று மாதம். ஒவ்வொரு ராத்திரியும் அவன் கூப்பிட்டிருக்கிறான். ஒவ்வொரு காலையும் அவள் பேட்டரியைத் திட்டிவிட்டு இன்ஜினைப் போட்டிருக்கிறாள். பார்க்கத் தாங்காமல் தவழ்ந்து வந்து, பேட்டரியிலிருந்து எல்லா ஒயரையும் பிய்த்தெடுத்தாள். மீட்டர் ஓரமாக உருண்டது.

பனிக்குள் மோட்டார் சத்தம் நெருங்கியது. கடல்நாய்களின் குரைப்பு ஒன்றுவிடாமல் நின்றுபோயிருந்தது. படகு ஒருபக்கம் சாய்ந்தது. மேல்வாசலில் அவன் முகம் தெரிந்தது. அவள் கையில் கழன்று தொங்கிய ஒயர்களைப் பார்த்தான். தூக்கியிருந்த படுக்கையைப் பார்த்தான். கோபமே இல்லை. அவள் காய்ச்சலில் கிடந்தபோது பேசிய அதே குரல்.

"உன்னைய என்கிட்டேருந்து கூட்டிட்டுப் போயிடுவேன்னான், ஹிலேனி. நான் வேற என்ன பண்ணுவேன்?"

"அழுதேனே. நீதான கண்ணத் தொடச்சுவிட்ட."

அவன் வாசல் பலகையை இழுத்து மூடினான். பூட்டு சொடுக்கியது. இருட்டு. அவன் காலடி தலைக்கு மேலாக முனையை நோக்கி நடந்தது. சங்கிலியைக் கழற்றிவிடப் போகிறான். கரையிலிருந்து வடிந்துகொண்டிருக்கும் கடல்தண்ணீர் படகைத் திறந்த கடலுக்குக் கொண்டுபோய்விடும்.

நங்கூரத்தை இழுக்கும் மோட்டார் ஓடத் தொடங்கியது.

ஒயர்கள் அவள் கையில்தான் இருந்தன. பேட்டரியோடு சேராத வெறும் ஒயர்கள்.

சங்கிலி உள்ளே வந்தது. கடகடவென்று. மேலே அவன் ஒருமுறை கத்தினான். பாதியில் நின்றுபோன கத்தல். பிறகு சங்கிலியோடு ஈரமாக ஏதோ இழுபட்டது. தளத்தில் சங்கிலி இறங்கும் துளைக்குள் கைமுஷ்டிதான் நுழையும். மோட்டார் திணறியது. முக்கியது. எலும்பு நொறுங்குவது போல ஒன்று. மறுபடி இழுத்தது. வெகுநேரம் இழுத்தது.

நின்றது.

நங்கூரம் விட்டுப்போன படகு மெல்லத் திரும்பி, பனிக்குள் நகரத் தொடங்கியது. கரை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. ஹிலேனி அசையவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் தட்டினார்கள். ஒருவர் நிதானமாக, இரண்டு இரண்டாக.

இன்னொருவர் அவசர அவசரமாக. நகங்களால். அவள் பேரைச் சொல்லிக்கொண்டே.