கங்காணி எடுத்த பெரட்டு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நடக்க மாட்டேன் என்று படுத்திருந்த ஒரு பெரியவரை ஒரு சின்னப்பெண் எழுப்பிய கதை சொல்கிறேன்.

எழுபத்து மூன்றாம் வருஷம். இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரி. கொய்யா மரத்திலிருந்து விழுந்து முழங்கை ஒடிந்த அன்னமேரி அங்கே இருந்தாள். ஒன்பது வயது. மாவுக்கட்டு பிரித்தாயிற்று. இனி தினமும் கையை மடக்கி நீட்டிப் பழக வேண்டும்.

எதிர்க்கட்டிலில் மொக்கையன் கங்காணி. தோட்டத்து ஆட்களை வேலை வாங்குகிறவர். சரிவில் வழுக்கிக் கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் அவர் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

“இந்த வாரம் நடக்கலேன்னா முட்டி இறுகிப்போகும்,” என்றார் நர்ஸ் சாந்தம்மாள்.

“போகட்டும். நூறு பேரை ஓட்டின ஆளு நான். கக்கத்துக் கட்டையை ஊனிக்கிட்டு அவுக முன்னால நொண்டவா?” கங்காணி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்னமேரிக்கு மனசு கேட்கவில்லை. யோசித்தாள். தோட்டத்தில் காலையில் பெரட்டு நடக்கும். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள்; கங்காணி பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பார். அவள் ஒவ்வொரு கட்டிலாகப் போய் ரகசியம் பேசினாள்.

மறுநாள் காலை வராந்தாவில் ஒரு வரிசை நின்றது. பக்கவாதத்தில் ஒரு கை விழுந்த சின்னத்தாய், இடுப்பு பிடித்த சூசையப்பன், கடைசியில் அன்னமேரி.

“கங்காணி தாத்தா, ஆள் நிக்குது. பெரட்டு எடுக்க வாங்க.”

“இங்கிருந்தே எடுக்கேன். சின்னத்தாய்!”

கங்காணி இன்னும் உரக்கக் கத்தினார்.

“காது கேக்கலையா?”

“படுத்துக்கிட்டு எடுக்கிறதுக்குப் பேரு பெரட்டா?” என்றாள் சின்னத்தாய். “அஞ்சு நிமிசம் பிந்தினதுக்கு என்னை விரட்டினீகளே.”

“வரிசை வேற கோணலா இருக்கு கங்காணி,” என்றார் சூசையப்பன்.

கோணல் என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. டக்… டக்… கட்டைச் சத்தம் கேட்டது. வியர்த்துப்போய், நொண்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். எல்லார் முகத்தையும் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. சின்னத்தாய் வரிசையில் இன்னும் நிமிர்ந்து நின்றாள்.

கங்காணி தொண்டையைச் செருமினார்.

“சின்னத்தாய், விரலை மடக்கு, பத்து வாட்டி. சூசை, அந்தக் கோடி வரை போயிட்டு வா. அன்னமேரி, கையை நீட்டு. இன்னும்.”

“வலிக்குது தாத்தா.”

“எனக்குந்தான். நீட்டு.”

நீட்டினாள். “உங்களுக்கு என்ன வேலை?”

“எல்லாரையும் சுத்திப் பாக்கணுமில்ல?” கட்டையை எடுத்து முன்னால் வைத்தார்.

மருந்துத் தட்டோடு வந்த சாந்தம்மாள் வரிசையின் கடைசியில் நின்றார். “என் பேரைக் கூப்பிடலையே?”

“பிந்தி வந்தா பேரு கிடையாது,” என்று நடந்துகொண்டே சொன்னார் கங்காணி.

உங்கள் வீட்டிலும் படுத்தவர்கள் சுகமாக எழுந்து நடமாடட்டும், செல்லங்களே. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவர நாலு பேர் எப்போதும் இருக்கட்டும்.