மதில்மேல் வந்தவை

கனேலோ குரைக்கவில்லை.

அடுப்படியில் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்த ஒஃபீலியாவுக்கு முதலில் உறைத்தது அதுதான். தபால்காரர், குப்பை வண்டி, சறுக்குப் பலகையில் போகும் பிள்ளைகள், காற்றில் புரளும் காகிதப் பை என்று எதைக் கண்டாலும் தொண்டை வறளக் குரைக்கிற கிழட்டு நாய், பொழுது சாயும் அந்த நேரத்தில் கொல்லைப்புற மதிலைப் பார்த்து நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இடுப்பே வளைந்து ஆடியது. காதுகளைத் தலையோடு ஒட்டிவைத்துக்கொண்டு மூக்குக்குள்ளேயே முனகியது. முன்பெல்லாம் ஒஃபீலியாவின் கணவர் நசாரியோவின் பெயிண்ட் வண்டி தெருமுனையில் திரும்பும்போது மட்டும்தான் அது அப்படி முனகும்.

நசாரியோ காணாமல் போனது ஜூன் மாதம். இப்போது ஜனவரி.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வலைக்கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். மலையிலிருந்து குளிர் இறங்கிக்கொண்டிருந்தது. மதிலின் மேல், அவகாடோ மரத்தின் கிளை தொடும் இடத்தில், ஒரு கயோட்டி நின்றுகொண்டிருந்தது. நரியைவிட உயரம், ஓநாயைவிட மெலிவு, புழுதி நிறம். மலையடிவாரத்து வீடுகளில் அது அதிசயம் இல்லை. மலைக்கும் ஊருக்கும் நடுவே ஓடும் சிமெண்ட் வெள்ளக் கால்வாய் வருஷத்தில் பாதி நாள் வறண்டு கிடக்கும். அதுதான் அவற்றுக்குச் சாலை. ஆனால் வந்தால் திருட்டுத்தனமாக வரும், மனிதர் தலையைக் கண்டால் ஓடும். இது ஓடவில்லை. நாயைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தது.

அவள் உள்ளே போய் ஒரு சட்டியும் கரண்டியும் எடுத்து வந்து தட்டினாள். அது தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு, கேட்டது போதும் என்பதுபோல் மதிலுக்கு அந்தப் பக்கம் குதித்தது. அது நின்ற இடத்திலிருந்து காற்றில் ஒரு வாசனை வந்தது. புழுதி, ஈர உரோமம், அவற்றுக்கு அடியில் மெலிதாகக் கற்பூரத் தைலம். இரவில் நசாரியோவின் மார்பில் அவள் தேய்த்துவிடும் தைலம்.

கனேலோ மதிலடியில் உட்கார்ந்து, இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.

"நீங்க சட்டி தட்டினது என் வீடு வரைக்கும் கேட்டுச்சு" என்றார் வெண்டெல் மறுநாள் காலை. எதிர்வீட்டுக்காரர். மனைவி இறந்தபின் ஒரு வெள்ளைப் பூனையோடு வாழ்ந்தார். அந்தப் பூனையையும் கயோட்டிகள் கொண்டுபோன பிறகு, தெருவில் எல்லோருக்கும் அவற்றை விரட்டப் பாடம் எடுப்பதே அவர் வேலையாகிவிட்டது. "விரட்டுற மாதிரியே இல்ல. சாப்பாடு ரெடி, எல்லாரும் வாங்கன்னு கூப்பிடுற மாதிரி இருந்துச்சு."

"முப்பது வருஷமா அதுக்குத்தான தட்டினேன். கை பழகிப்போச்சு."

"கத்தணும். கைய ரெண்டையும் தூக்கணும். பெரிய ஆளா தெரியணும்."

ஒஃபீலியா தன் இடுப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். "இதுக்கு மேலயும் பெரிய ஆளா?"

வெண்டெல் சிரித்தார். பிறகு சிரிப்பு அடங்கியது. "ஒண்ணு கேட்டா கோச்சுக்காதீங்க. என் பக்கம் ஹாரன் அடிச்சா சிட்டா பறந்துருது. உங்க மதில்ல மட்டும் சொந்த வீடு மாதிரி நிக்குது. ஏதும் சாப்பிட வைக்கிறீங்களா?"

"நாய் தட்டக்கூட உள்ள எடுத்து வச்சிடறேன். கீழ விழுந்த பழத்தயெல்லாம் பொறுக்கிட்டேன்."

"அப்ப எதுக்கு வருது?"

ஒஃபீலியா மதில் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

இருபத்தைந்து வருஷம் அந்த ஊர் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர் நசாரியோ. புகையும் பெயிண்டும் சேர்ந்து நெஞ்சில் நிரந்தரமாக ஓர் இருமலைக் கொடுத்திருந்தன. முதலில் இழுப்பு, பிறகு ஒரு கரகரப்பு, கடைசியில் மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு சிறு செருமல். கல்யாணமான புதிதில் அவள் மெலிந்திருந்ததால் ஃப்ளாக்கா என்று கூப்பிடுவார், ஒல்லிப்பெண்ணே என்று. அவள் பருத்த பிறகும் அதே பெயர்தான். கடைவீதியில் அவர் அப்படிக் கூப்பிட்டால் ஜனங்கள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். பிறகு மறதி வந்தது. சாவியை, தெருவை, மகளை என்று ஒவ்வொன்றாக மறந்தார். கடைசி இரண்டு வருஷம் அவளை சென்யோரா என்றார், யாரோ ஓர் அம்மாவை மரியாதையாகக் கூப்பிடுவதுபோல. "சென்யோரா, சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் குடுத்து வச்சவரு" என்பார். அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வருவாள்.

ஜூன் மாதத்து ஒரு சாயங்காலம் அவர் மதிலில் இருக்கும் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு கால்வாய்ப் பக்கம் நடந்து போனார். ஹெலிகாப்டர் வந்தது. தேடும் நாய்கள் வந்தன. மலைச்சரிவில் ஒரு செருப்பு மட்டும் கிடைத்தது.

வெண்டெலோடு பேசிய அன்றைய சாயங்காலம் அவை ஊளையிட்டன. கயோட்டிகள் கூட்டமாகக் குரல் எடுத்தால் கொஞ்சம் கேலியாகவும் கொஞ்சம் பிள்ளை அழுவதுபோலவும் இருக்கும். நாலைந்து விலங்குகளே ஒரு பெரும்படைபோல ஒலிக்கும். அவளுக்கு அது பழக்கம்தான். சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஆறிப்போன காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஒன்று தொடங்க, இன்னொன்று ஏறிக்கொள்ள, எல்லாம் உச்சிக்குப் போய் உடைந்து சிதறின. அந்தச் சிதறலின் நடுவே, ஓர் இழுப்பு.

ஒரு கரகரப்பு.

ஒரு சிறு செருமல்.

காப்பி அவள் மடியில் கொட்டியது. அவள் எழுந்திருக்கவில்லை.

மகள் மிரெயாவைப் போனில் அழைத்தாள். ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்தாள் அவள்.

"அம்மா, மிருகத்துக்கும் சளி பிடிக்கும். இருமும்."

"உங்கப்பா இருமல் எனக்குத் தெரியாதா?"

மிரெயாவின் குரல் நைந்துபோய் வந்தது. "அப்பா செத்துட்டாரு அம்மா. நீ ஒரு தடவ உன் வாயால சொல்லு. நான் ஒருத்தியா சொல்லிச் சொல்லி என்னால முடியல. சர்ச்சுல ஒரு பூசை வைக்கலாம்னா மாட்டேங்குற, மெழுகுவத்தி கூட ஏத்த மாட்டேங்குற. எனக்கும் அப்பாதான அவரு?"

"உடம்பு இல்லாம எப்படிடி பூசை வைக்கிறது?"

"சனிக்கிழமை வர்றேன். உன்னக் கூட்டிட்டுப் போயிடறேன். கதவெல்லாம் சாத்திக்க."

மறுநாள் விடிந்தபோது பனிமூட்டம். படுக்கையறை ஜன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கமாக, ஈர மூக்குகள் பதிந்த தடம் வரிசையாக இருந்தது. கட்டிலின் எந்தப் பக்கம் நசாரியோ படுப்பாரோ அந்தப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. எல்லாம் அவள் தலையணைக்கு நேராக இருந்தன.

தடங்களைக் காட்டியதும் வெண்டெல் கேலி எதுவும் பேசவில்லை. பொழுது சாயும்போது கைக்கடக்கமான காற்று ஹாரனும், கூழாங்கல் போட்ட தகர டப்பாவும் எடுத்துக்கொண்டு வந்தார். இருவரும் கொல்லையில் நின்றார்கள். மதிலுக்கு அப்பால் கால்வாயில் நகங்கள் சிமெண்டில் உரசும் சத்தம் கேட்டது. உலர்ந்த இலைகள் நகர்வதுபோல முதலில். பிறகு நெருக்கத்தில். பிறகு மதில்மேல் தலைகள்.

வெண்டெல் ஹாரனை அழுத்தினார். தெருவே அலறியது. டப்பாவைக் குலுக்கி, கைகளை வீசி, கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு மதிலை நோக்கி ஓடினார். தலைகள் மறைந்தன. அவர் மூச்சு வாங்கிக்கொண்டே திரும்பினார். "பாத்தீங்களா? இப்படித்தான்—"

"வெண்டெலீட்டோ."

மதிலுக்குப் பின்னாலிருந்து வந்தது. தாழ்ந்த குரல். குட்டி வெண்டெல் என்று அந்த ஆறடி மனிதரைக் கேலியாகக் கூப்பிட்டவர் உலகத்தில் ஒருவர்தான்.

"வெண்டெலீட்டோ, ஒரு கை குடுப்பா. எந்திரிக்க முடியல."

ஹாரன் கீழே விழுந்தது. வெண்டெலின் முகத்திலிருந்து இரத்தம் இறங்கிப்போயிருந்தது. அவர் மதிலைப் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றாள் ஒஃபீலியா.

"எனக்கு ஒண்ணும் கேக்கல." கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. "உள்ள வாங்க. என் வீட்டுக்கு வாங்க. இப்பவே."

"கனேலோவக் கொண்டு போங்க. நான் போன எடுத்துக்கிட்டு வர்றேன்."

நாய் மதிலடியை விட்டு அசையவில்லை. அவர் அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. தெருவைத் தாண்டும்வரை அது அவர் தோளுக்கு மேலாக மதிலைப் பார்த்து முனகிக்கொண்டே போனது.

அவள் போனை எடுக்கத்தான் திரும்பினாள். கை வலைக்கதவில் இருந்தது.

"ஃப்ளாக்கா."

அவள் நின்றாள்.

"ஃப்ளாக்கா, இருட்டிருச்சு. வீடு எங்க இருக்கு? வந்து கூட்டிட்டுப் போ."

குரல் மறுபடியும் அதையே சொன்னது. அவளோடு பேசும் குரல் இல்லை அது. எங்கோ ஒரு முறை சொல்லப்பட்டது, சொன்னபடியே, மூச்சு வாங்கிய இடம்கூட மாறாமல், திரும்பச் சொல்லப்பட்டது. வெண்டெலைக் கூப்பிட்டதும் அப்படித்தான். கிளி சொல்வதுபோல. கேட்டதைத்தான் அவற்றால் சொல்ல முடியும். அது புரிந்ததும் பயம் அவளுக்குள் ஒரு பக்கமாக ஒதுங்கி வழிவிட்டது. அதைவிடக் கொடியது ஒன்று உள்ளே வந்தது.

அப்படியானால் அவர் கூப்பிட்டிருக்கிறார்.

அந்தக் கால்வாயில். விழுந்து கிடந்து. அவளை. சென்யோரா என்று இல்லை. அந்தப் பெயரால்.

நினைவு வந்திருக்கிறது.

"நசாரியோ" என்றாள். "இங்கதான். வீடு இங்கதான் இருக்கு."

நடந்தாள். கொல்லைக் கதவின் தாழ்ப்பாள் பனியில் சில்லிட்டிருந்தது. கையில் ஒட்டியது. இழுத்தாள்.

வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக. அவசரம் இல்லாமல். விருந்துக்கு வந்தவர்களைப் போல அவளைத் தாண்டிப் புல்லில் வட்டமாக உட்கார்ந்தன. தைல வாசனை. ஈர உரோமம். தெருவில் எங்கோ வெண்டெல் அவள் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்.

அவள் படியில் உட்கார்ந்தாள்.

வலது ஓரத்தில் இருந்தது இருமியது. இழுப்பு, கரகரப்பு, செருமல்.

அதற்கு அடுத்தது வெண்டெலீட்டோ என்றது.

அதற்கு அடுத்தது அழுதது. அவர் அழுது அவள் கேட்டதே இல்லை. ஆனாலும் தெரிந்தது.

முகவாய் நரைத்த பெரியது மட்டும் ஃப்ளாக்கா என்றது. ஃப்ளாக்கா. ஃப்ளாக்கா.

ஒரு மனிதர். இத்தனை வாய்கள்.

அவள் ஒவ்வொன்றின் முகத்தையும் பார்த்தாள். அழுதாள். "இங்கதான் இருக்கேன்" என்றாள் ஒவ்வொன்றிடமும்.

கடைசியாக ஒன்று. சிறியது. விலா எலும்புகள் தெரிந்தன. அது தயங்கித் தயங்கி வட்டத்தின் நடுவே வந்து வாயைத் திறந்தது.

சத்தம் வரவில்லை.

மறுபடி திறந்தது. எதுவும் இல்லை. அவரிடமிருந்து அதற்கு மட்டும் எந்தப் பங்கும் கிடைத்திருக்கவில்லை.

அது அவள் மடியில் முகவாயை வைத்தது. சூடான மூச்சு மணிக்கட்டில் பட்டது. அவளை நிமிர்ந்து பார்த்தது.

மற்றவை பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தன.