மூன்றாவது இழுப்பு

அன்று மாலை வீட்டில் இருந்தவர்கள்: அவன், அண்ணி, மேசைமேல் சக்கரம் கழற்றிய ரோபோ. அண்ணன் இல்லை. செத்து ஏழு மாதம்.

ரோபோவின் மோட்டார் வயரில் அவன் முறுக்கி டேப் சுற்றிய இடத்தில் டேப் இல்லை. பற்றவைத்த ஈயம் பளபளத்தது. அவன் சால்டர் செய்கிற ஆளே இல்லை. முறுக்கு, டேப், முடிந்தது வேலை. அண்ணன்தான் ஒவ்வொரு இணைப்பையும் பற்றவைத்து, ஆறவிட்டு, மூன்று முறை இழுத்துப் பார்ப்பவன்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே தம்பி, உங்களுக்கும் கை வந்துடுச்சு. அப்படியே அவர் பண்ண மாதிரி இருக்கு."

அவன் ஆமாம் என்று தலையாட்டினான். நானில்லை என்றால் பேச்சு பின்னறைக் கதவுக்குப் போகும். கடைக்குப் போய் வருவதாகச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

பின்னறையின் மோட்டார் தாழ்ப்பாளைச் செய்தது அவன். உள்ளே ரோபோ பேட்டரி புகைந்த அன்று கதவு பூட்டி மாட்டிக்கொண்ட அண்ணன், உள்ளிருந்து தாழ்ப்பாளைத் திறக்கும் சுவிட்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தான். சுவிட்சின் முறுக்கு வயர் நழுவியிருந்தது. கதவை உடைத்ததும், யாரும் பார்க்கும் முன் அவன் அதைத் திரும்ப முறுக்கி டேப் ஒட்டினான். சுவிட்சை எட்டும் முன்பே அண்ணன் மயங்கிவிட்டான் என்று அண்ணியிடம் சொன்னான்.

மழை விட்டுக் கூரைத் தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கு நடுவே, பின்னறைப் பக்கமிருந்து, சூடான முனை எதையோ தொடும் மெல்லிய சீறலும், பிசின் உருகும் லேசான இனிப்புப் புகையும், நடையின் அரையிருட்டைத் தடவிக்கொண்டு அவனிடம் வந்தன.

போய்ப் பார்த்தான். உடைத்த பிறகு மாற்றிய கதவு திறந்திருந்தது. யாருமில்லை. நிலையோரம் ஓடிய வயரில் எல்லா இணைப்பும் புதிது. ஒன்றைத் தொட்டான். சுட்டது.

ஏழு மாதமாகக் கழற்றிப் போட்டிருந்த தாழ்ப்பாள் பேட்டரி உள்ளே அலமாரியில் மாட்டியிருந்தது. பச்சை விளக்கு. அதைப் பிடுங்கிவிட்டால் தீர்ந்தது. நாலு எட்டு.

நுழைந்தான். பேட்டரியில் கை வைத்தான். கொதித்தது. புடைத்திருந்தது.

திரும்பிச் சுவிட்சைப் பார்த்தான்.

அந்த ஒரு வயர் மட்டும் மாறவில்லை. அவன் முறுக்கு. அவன் டேப்.

வயர் விறைத்தது. யாரோ இழுத்துப் பார்க்கிற மாதிரி.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவதில் கழன்று தொங்கியது.

அவனுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் தடங்கலே இல்லாமல் ஓடி விழுந்தது.