கொழுந்து வாட்டும் மாடி

முப்பது வருடங்களாகப் பூட்டிக் கிடந்த தேயிலைத் தொழிற்சாலைக்குள் பச்சைக் கொழுந்து மணத்தது. மேல்மாடித் துவாரத்திலிருந்து தொங்கிய அளவு நாடாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு, துருவேறிய யந்திரங்களுக்கு நடுவே நின்றிருந்தாள் சப்னா. ஈரத் தகரமும் வௌவால் எச்சமும் நாறிய அந்த மங்கலில், இப்போதுதான் பறித்துக் கொட்டியதுபோல அந்த மணம் அவள் முகத்தருகே இறங்கி வந்தது.

தெல்தோட்டையிலிருந்த அந்தப் பழைய கட்டடத்தை ஹோட்டலாக்கும் வேலை அவள் நானா என்று கூப்பிடும் அண்ணன் அகீலுக்குக் கிடைத்திருந்தது. அளக்க உதவிக்கு அவளையும் கண்டியிலிருந்து கூட்டி வந்திருந்தான். நாடாவின் மறுநுனியோடு அவன் மேல்மாடியில் இருந்தான்.

“நானா, மேல கொழுந்தா ஈக்கி?”

“ஓ, தட்டுத் தட்டாப் பரப்பி ஈக்கி. யாரு போட்டதோ தெரியா.” அவன் குரல் கரகரத்தது. “சரியான சுடு காத்து. தண்ணிப் போத்தலக் கொண்டு வாறியா? நாக்கு ஒட்டுது.”

காற்றா? வெளியே மழை நேராக இறங்கிக்கொண்டிருந்தது. ஓர் இலைகூட அசையவில்லை.

நாடா தளர்ந்தது. சுருள் சுருளாக அவள் காலடியில் விழுந்தது.

“நானா?”

துவாரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

போத்தலை எடுத்துக்கொண்டு ஏறினாள். படிக்குப் படி சூடு கூடியது. மழையில் நனைந்திருந்த சால்வை பாதிப் படியிலேயே காய்ந்து மொடமொடத்தது. உதடு வெடித்து இரத்தம் கரித்தது.

மேலே யன்னல்களெல்லாம் அடைத்திருந்தன. ஆனாலும் காற்று வீசியது. வரிசை வரிசையாகச் சாக்குத் தட்டுகள். அவற்றின்மேல் கொழுந்து.

கொழுந்தின் நடுவே அகீல்.

சேர்ட்டுக்குள் உடம்பு பாதியாகச் சுருங்கியிருந்தது. தோல் எலும்போடு ஒட்டியிருந்தது. கண்கள் மட்டும் அவள் பக்கம் திரும்பின.

“போ,” என்றான். சத்தமில்லை. உதடு மட்டும்.

அவன் வாயில் தண்ணீரைச் சரித்தாள். ஒரு துளிகூட இறங்கவில்லை. பாதியிலேயே காற்று குடித்துவிட்டது. இழுத்துக்கொண்டு ஓடலாமென்று அவன் முதுகுக்கடியில் கை கொடுத்தாள்.

அங்கே வேறு கைகள் இருந்தன.

சின்னக் கைகள். காய்ந்தவை. நிறைய.

அவை அவனைத் தூக்கின. பதமாக. குப்புறப் புரட்டிப் போட்டன. மறுபக்கமும் காய்வதற்கு.

கத்த வாய் திறந்தாள். தொண்டை ஒட்டிக்கொண்டது.

பக்கத்துத் தட்டில் கொழுந்துகள் தாமாகவே இருபுறமும் ஒதுங்கத் தொடங்கின. மெதுவாக. ஓர் ஆள் அகலத்துக்கு.

அவள் உயரத்துக்கு.